தெருமுனை வரை தள்ளிக்கொண்டுபோன ஆட்டோ

சத்தமில்லாமல் நழுவுவதில் மன்னனான என் செல்ல நைனாவுக்கு,

முதலில் சேதி. உன் பிள்ளை சமுதாயக் கல்லூரியில் சேர்ந்துவிட்டான். படிப்பு, குழந்தை வளர்ச்சியும் குடும்பவியலும். சிரிக்காதே! வகுப்பில் எல்லாரும் பெண்கள். மீசை எனக்கு மட்டும்தான், அதுவும் இன்னும் பாதி வழியில் வந்துகொண்டிருக்கிறது.

மந்தைவெளி ஆட்டோ ஸ்டாண்டில் உன் கூட்டாளி செல்வம் மாமா வம்புக்கு இழுத்தார். “இன்னாடா, ஆயா வேலைக்கா படிக்கிற?”

“ஆமா மாமா. மொதல்ல உன்னத்தான் தூங்க வெக்கணும். காலைலேர்ந்து கத்திக்கினே கீற.”

ஸ்டாண்டே சிரித்தது. உன் ஆட்டோ நிற்கும் இடத்தில் இப்போது வேறொருவர் நிறுத்துகிறார்.

பயிற்சிக்கு அடையாறில் ஒரு கிரெச், குழந்தைகள் காப்பகம். முதல் நாளே யாழினி என்ற ரெண்டு வயசுக்காரி, அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவர் என் காதில், “தம்பி, இன்னாவாச்சும் பண்ணி அவள அந்தாண்ட திருப்பு. நான் அப்படியே எஸ்கேப் ஆயிக்கிறேன்” என்றார். நமக்குச் சொல்லியா தரவேண்டும்? சிவப்பு பக்கெட்டைத் தலையில் கவிழ்த்து ஒரு குத்தாட்டம். யாழினி விழுந்து விழுந்து சிரித்தாள். திரும்பினாள். அப்பா இல்லை.

அழக்கூட இல்லை, நைனா. அவர் செருப்பு விட்ட இடத்தைப் போய்ப் பார்த்தாள். மதியம்வரை கதவருகே உட்கார்ந்திருந்தாள். சோறு வேண்டாம் என்றாள். மறுநாள் நான் பக்கெட்டை எடுத்ததும் அலறிக்கொண்டு ஓடி அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டாள். நான் சிரிக்க வைத்தால் அப்பா காணாமல் போவார். அவள் கற்றுக்கொண்டது அதுதான்.

கிரெச்சை நடத்தும் தீபா மிஸ் என்னைத் தனியாக அழைத்தார். “கதிர், நீ அவள ஏமாத்திட்ட. அப்பா சொல்லிட்டுத்தான் போகணும். அழுதா அழட்டும், நீ பக்கத்துல இரு. வெள்ளிக்கிழமைக்குள்ள அவ உன்கிட்ட வரலன்னா, நீ குழந்தைங்க ரூம்ல வேணாம். ஆபீஸ்ல உக்காந்து ரெகார்டு எழுது.”

ரெகார்டா? நானா?

வீட்டில் புலம்பினால் அம்மா சிரிக்கிறாள். “ஒங்க நைனாவும் அதான் பண்ணாரு. ஸ்டார்ட் பண்ணா நீ முழிச்சிக்குவேன்னு தெருமுனை வரைக்கும் ஆட்டோவத் தள்ளிக்கினே போவாரு. நீ எழுந்து தண்ணித் தொட்டி உள்ளெல்லாம் தேடுவ.”

அடப்பாவி நைனா! அன்றே எனக்கு ஆட்டோ ஓட்டத் தெரிந்திருந்தால் துரத்தியிருப்பேன்.

அடுத்த நாளிலிருந்து யாழினியின் அப்பாவை வாசலிலேயே மறித்தேன். “சார், சொல்லிட்டுப் போங்க.” பாவம், அவருக்கே கண் கலங்கியது. “அப்பா வேலைக்குப் போயிட்டு சாயங்காலம் வரேன்டா.” அவள் கத்தினாள். நான் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். வித்தை இல்லை, பக்கெட் இல்லை. நான் சும்மா உட்கார்ந்ததை நீ பார்த்திருக்கவேண்டும்! மறுநாளும் அப்படியே. சாயங்காலம் அவர் சொன்னபடி வந்து நின்றார்.

இன்று வெள்ளிக்கிழமை. அழுதாள். அழுதுகொண்டே கையாட்டினாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு நேராகப் போய், அந்தச் சிவப்பு பக்கெட்டை இழுத்துவந்து அவளே என் தலையில் கவிழ்த்தாள்! உள்ளே இருட்டு, நைனா. நான் அழுததை யாரும் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அன்று, “போய் டீ வாங்கினு வாடா” என்று அனுப்பினாயே. டீ ஆறுவதற்குள் போய்விட்டாய். நான் அழுவதைப் பார்க்க முடியாமல்தானா? அங்கேயும் வண்டியைத் தள்ளிக்கொண்டேவா போனாய்?

கோபமில்லை. ஆனால் என் வாசலில் எந்த அப்பாவையும் இனி சொல்லாமல் போக விடமாட்டேன். அழுகிற பிள்ளை பக்கத்தில் நான் இருப்பேன். இது சத்தியம்.

நீ சொல்லாததை நானே சொல்லிவிடுகிறேன். டாட்டா, நைனா. திங்கட்கிழமை எனக்குக் குழந்தைகள் ரூம்.

தண்ணித் தொட்டிக்குள் உன்னைத் தேடிய
உன் வால் பிள்ளை,
கதிர்