கழித்துப் பார்த்ததில் மிஞ்சிய தாய் மீன்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நான் சுகம், முழங்கால் மட்டும் முணுமுணுக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும். போன வாரம் போனில் நீ அழுதது இன்னும் காதைவிட்டுப் போகவில்லை. அம்மா போய்விட்டாள், கண்ணாடியைப் பார்த்தால் அப்பா முகம்தான் தெரிகிறது, அவளுடையது என்று என்னிடம் ஒரு துளிகூட இல்லையே என்றாய். நீ பிறந்த அன்றைக்கே அப்பனை உரித்து வைத்திருக்கிறாள் என்று உன் அத்தை தம்பட்டம் அடித்தவள்தானே.

நான் தொட்டி பார்த்துக்கொள்கிற ஆய்வகத்தில் பாஸ் மீன் வளர்க்கிறோம் இல்லையா, தூண்டில்காரர்கள் சோறு தூக்கம் மறந்து ஏரிக்கரையில் தவம் கிடப்பார்களே, அந்த மீன்தான். அதன் மரபணுத் தொடரை முதலிலிருந்து கடைசிவரை படித்து வைக்கிறார்கள், எந்த மீன் நோய் தாங்கும், எது சூடேறிய தண்ணீரில் பிழைக்கும் என்று நாளைக்குத் தேடுகிறவர்களுக்கு அதுதான் ஆதாரம். ஒரு குஞ்சின் ரத்தத்தைப் படித்தாயிற்று. அதில் தாய் கொடுத்ததும் தகப்பன் கொடுத்ததும் கலந்து கிடக்கும், அவர்கள் ரத்தத்தையும் படித்து ஒப்பிட்டால்தான் எது யாருடையது என்று பிரிக்கலாம். தகப்பனிடம் எடுத்தாயிற்று. தாயிடம் எடுக்க இருந்ததற்கு முந்தின நாள் காற்று பம்ப் நின்று அது செத்து மிதந்திருக்கிறது. நோய் பரவக்கூடாது என்ற விதிப்படி, பணியில் இருந்தவர் உடனே எரித்துவிட்டார், அவரைக் குறை சொல்லவும் வழியில்லை. என் கையால் இரை தின்றவள் அவள். எல்லாரும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டோம். எங்கள் ஆய்வகத் தலைவியம்மா மட்டும், “தகப்பனோடதைக் கழிச்சிட்டு வாங்க, மிச்சம் நிக்கிறதெல்லாம் தாய்தான்” என்றார்.

நேற்று திரையில் காட்டினார்கள் கண்ணு. நீலத்தில் தகப்பன் வரிசை, அதன் கீழே மஞ்சளில் அவள். அங்கங்கே ஓட்டை உண்டாம், இருந்தாலும் அந்தக் குஞ்சுக்கு அவள் கொடுத்தது நீளமாக, எழுத்து எழுத்தாக நிற்கிறது. சாம்பலாய்ப் போனவள், குஞ்சுக்குள் இருந்து எழுந்து வந்துவிட்டாள். எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. தொட்டுப் பார்த்தேன், திரையில் ரேகை விழுந்ததென்று திட்டும் வாங்கினேன்.

திரும்பும்போது பஸ்ஸில் உன்னைக் கழிக்க ஆரம்பித்தேன். மூக்கு என்னுடையது, முணுக்கென்று வரும் கோபம் என்னுடையது, சாவியைத் தொலைப்பது என்னுடையது. எல்லாம் போக ஒன்று நின்றது. வீட்டுக்கு வந்தவர்களின் செருப்பை, போகும்போது மாட்ட வசதியாக வாசல் பக்கம் திருப்பி வைப்பாயே, அதை நான் சொல்லித்தரவில்லை, என் செருப்பே நான் கழற்றின இடத்தில் கவிழ்ந்துதான் கிடக்கும். இது ரத்தத்தில் வருமா என்று தலைவியம்மாவிடம் கேட்கவில்லை, சிரிப்பார். நீ வந்துபோன அன்றைக்கு என் செருப்பு வாசலைப் பார்த்து நின்றது. உன் அம்மாதான் வைத்துவிட்டுப் போனாள் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அதை நகர்த்த மனசு வராமல் இன்றுவரை பழைய செருப்பில்தான் வேலைக்குப் போகிறேன்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே. கண்ணாடியில் மூக்கைப் பார்த்து அழாதே. உன் வீட்டு வாசலைப் போய்ப் பார்.

இப்படிக்கு,
மூக்குக்கு மட்டும் சொந்தக்காரனான
உன் அப்பா