ஒன்பதேகால் பேருந்து

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வார்த்தை. 'போவேன்.'

போக்குவரத்துக் கழகத்திலிருந்து ஒரு பெண் கணக்கெடுக்க வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை, அவரும் வீட்டில் இருந்தார். எங்கள் தெருமுனைக்கு வரும் ஒரே பேருந்தில் யார் யார் ஏறுகிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்கிறார்களாம். "நீங்க பஸ்ல போவீங்களாக்கா?" என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். பதில் சொன்னது அவர். "இவ எங்கே போகப்போறா? வண்டி இருக்கு, நான் இருக்கேன். பஸ்ஸுக்குக் கால் கடுக்க நிக்கணும்னு இவளுக்கு என்ன தலையெழுத்தா?" என்று சிரித்தார். பாசமாகத்தான் சொன்னார். அதுதான் கஷ்டம்.

புதன்கிழமைதோறும் அவர் வேலைக்குக் கிளம்பியதும் ஒன்பதேகால் பேருந்தில் ஏறி, நகர நடுவில் இருக்கும் நூலகத்துக்குப் போய்வருகிறேன் என்பது உனக்கு மட்டும் தெரியும். நடத்துநருக்கு நான் 'புத்தகக்காரம்மா'. போன வாரம் அந்த நூலகத்திலேயே உதவியாளர் வேலைக்கு என்னை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றாம் தேதி சேர வேண்டும். அவரிடம் எப்படிச் சொல்வதென்று மனதுக்குள் எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தேன், அதற்குள் இந்தப் படிவம். போவேன் என்றால் எங்கே, எப்போதிலிருந்து, ஏன் சொல்லவில்லை என்று வரிசையாக வரும். அந்தப் பெண் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்தாள். நான் தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

வேடிக்கையைக் கேள். இருக்கை, சுத்தம், ஓட்டுநரின் மரியாதை எல்லாவற்றிலும் நம் ஊரைவிட இந்த ஊருக்கு மதிப்பெண் அதிகம் என்றாளாம் அவள். "உங்க அக்கா ஊர் தோத்துப்போச்சு, எழுதிப் போடு" என்கிறார். எழுதிவிட்டேன். உண்மையும்தான். இங்கே எப்போதும் ஜன்னலோரம் கிடைக்கும். அங்கே பஸ்ஸிலும் ரயிலிலும் ஒரு காலை ஊன்றவே இடம் இருக்காது. கல்லூரி நாளில் உன் ஒற்றைச் செருப்பு யாருடனோ போய்விட்டதே! ஆனால் அங்கே ஒரு ரயிலை விட்டால் நாலு நிமிடத்தில் அடுத்தது. எங்கே போகிறாய் என்று யாரும் கேட்டதில்லை. இங்கே ஒன்பதேகாலை விட்டால் அன்றைய நாளே போயிற்று. படிவத்தில் இதற்கு ஒரு கட்டம் இல்லை.

அடுத்த முறை அவரிடம் போனில் பேசும்போது, பேச்சுவாக்கில் கேட்பதுபோல, என் தங்கை வீட்டில் சும்மாவா இருக்கிறாள் என்று கேள். அது போதும், மீதியை நான் சொல்லிக்கொள்கிறேன். இன்னொன்று. ஒருநாள் எனக்காக, நீ இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வா.

நீயும் பிள்ளைகளும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் தங்கை

பி.கு.: இதை உறையிலிட்டுப் பத்து நாளாகப் பைக்குள்ளேயே வைத்திருந்தேன். நேற்று ஒன்றாம் தேதி. நிறுத்தத்தில் பத்தரை வரை நின்றேன். கணக்கெடுப்பில் ஏற ஆளில்லை என்று ஒன்பதேகால் பேருந்தையே நிறுத்திவிட்டார்களாம்.