லெட்சுமி விழுங்கிய கம்பி

என் உயிர் அக்காவுக்கு,

நீ அங்கே நிம்மதியாக இருப்பாய். இங்கே எனக்குத்தான் நிம்மதி இல்லை. உன் பசு லெட்சுமி நேற்றிலிருந்து புல்லைத் தொடவில்லை. முதுகை வளைத்துக்கொண்டு நிற்கிறாள், முனகுகிறாள், படுக்கவே பயப்படுகிறாள்.

உன் வருஷ திதிக்கு அத்தான் குருண் பாசார் பூக்கடையில் பெரிய மாலையாக வாங்கிவந்து உன் படத்துக்குப் போட்டார். வாடியதும் குப்பையில் போட மனம் வரவில்லை. "சாமி மாலையையே மாட்டுக்குத்தானே குடுப்போம்," என்று லெட்சுமிக்கு ஊட்டிவிட்டார். இப்போதெல்லாம் மாலையை நாரில் மட்டுமா கட்டுகிறார்கள்? உள்ளே மெல்லிய இரும்புக் கம்பி. தொட்டியில் கிடந்த மிச்சத் துண்டைப் பார்த்து நான்தான் எடுத்து மறைத்தேன்.

மாட்டு டாக்டரம்மா வந்து தடவிப் பார்த்து, கம்பி எதையோ விழுங்கியிருக்கிறது என்றார். அத்தான் நம்பவில்லை.

"சும்மா சொல்லாதீங்க லா டாக்டர்! கோழி கல்லையே முழுங்கி அரைக்குது. இவ்ளோ பெரிய மாட்டுக்கு ஒரு கம்பி என்னா பண்ணும்?"

பாவம், டாக்டரம்மா பொறுமையாகத்தான் விளக்கினார். கோழிக்குப் பல் இல்லை. கறிக்கு நறுக்கும்போது நீ கீறி மஞ்சள் தோலை உரிப்பாயே, அந்தக் கெட்டிச் சதைப் பைதான் கல்லை வைத்து இரையை அரைக்கிறதாம். மாடோ சரியாக மெல்லாமலே விழுங்கிவிட்டு, பிறகுதான் அசைபோடும். கம்பி போய்த் தங்குவது தேன்கூடு மாதிரி இருக்கும் இரண்டாவது பையில். அதற்கும் இதயத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய திரைதான். பை சுருங்கச் சுருங்கக் கம்பி இதயத்தைப் பார்த்து நகருமாம். கேட்டதும் அத்தான் தன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

தொண்டை வழியாக ஒரு காந்தத்தை இறக்கியிருக்கிறார்கள். கம்பி அதில் ஒட்டிக்கொண்டால் பிழைப்பாள். ஒட்டியிருக்குமா அக்கா? அதற்குள் குத்தியிருந்தால்?

தான்தான் உன்னை ஆஸ்பத்திரிக்குத் தாமதமாகக் கொண்டுபோனதாக அத்தான் இன்னும் புலம்புகிறார். இதுவும் தன் கையால்தான் என்று தெரிந்தால் மனுஷன் தாங்குவாரா? "வேலிக் கம்பியா இருக்கும் அத்தான்," என்று சொல்லிவைத்தேன். "அந்த வேலிய அன்னைக்கே பிடுங்கியிருக்கணும்மா," என்று கொட்டகையிலேயே உட்கார்ந்திருக்கிறார். இன்று காலை லெட்சுமி கொஞ்சம் தண்ணீர் குடித்தாள். அதை நம்பவும் பயமாக இருக்கிறது.

அவள் பிழைத்தாலும் போனாலும் அவரிடம் உண்மையைச் சொல்ல மாட்டேன், சத்தியம். ஆனால் நீ தினமும் அவர் கனவில் வருகிறாயாம். "உங்கக்கா என்னா சொன்னா தெரியுமா?" என்றுதான் அவருக்குப் பொழுதே விடிகிறது. உன் வாயில் எதுவும் தங்காது. இந்த ஒன்றை மட்டும் உளறிவிடாதே அக்கா.

இப்படிக்கு,
உன் பொய்க்காரத் தங்கச்சி