கல்சானுக்குக் கொடுத்த ஈரல்

செட்செர்லெக்,
30 ஜனவரி 2023

சொலோங்கோ,

குளிர்காலம் நலமாகக் கழிகிறதா? போனில் என் எண்ணைத் தடுத்துவிட்டாய். அதனால் நகரத்துக்கு வரும் டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உன் அண்ணன் கல்சானுக்குப் புற்று திரும்பிவிட்டது. இந்த முறை நுரையீரலில். உன் ஈரலில் பாதியை வெட்டி அவருக்கு வைத்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. "ஜூடோவுல ஜெயிச்சப்பல்லாம் வோட்கா ஊத்திக்கிட்டவதானே? அந்த ஈரல் எப்படி உருப்படும்?" என்று ஊரே பேசுகிறது. யார் வாயை நான் அடைப்பது? வெள்ளை மாதப் புத்தாண்டுப் பண்டிகைக்கு வந்து, பெரியவர்கள் முன்னால் அவரிடம் மன்னிப்புக் கேள்.

உன் அண்ணி,
காந்த்மா

*

உலான்பாட்டர்,
9 பிப்ரவரி

அண்ணிக்கு,

மந்தை நலம்தானே? உங்கள் ஊர்ப்பேச்சு என் பயிற்சிக்கூடம் வரைக்கும் வந்துவிட்டது. அண்ணனை முதலில் பார்த்த டாக்டரிடம் போனேன்.

"உங்க ஈரலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. அவரோட கட்டி அப்பவே ரத்தக்குழாய்க்குள்ள போயிருந்துச்சு. அங்கிருந்து தப்பிச்ச புத்துதான் இப்ப வளருது. மூணு மாசம் மருந்து கொடுத்து, அடங்குதான்னு பாத்துட்டு ஈரலை மாத்தலாம்னேன். உங்க அண்ணிதான் முடியாதுன்னு வேற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க" என்றார்.

இதை என்னிடம் சொன்னீர்களா? வாசலில் நின்று அழ மட்டும் தெரிந்தது. தேசிய அணியை விட்டுவிட்டு வந்து படுத்தேன். இன்று எதிராளி இடுப்புப் பட்டையைப் பிடித்து இழுத்தாலே தழும்பு பிய்கிறது.

பண்டிகைக்கு வருகிறேன். பெரியவர்களின் முழங்கையைத் தாங்கிப் பண்டிகை வணக்கம் சொல்ல அல்ல. எல்லார் முன்னாலும் உங்கள் பொய்யைச் சொல்வேன். அண்ணனும் கேட்கட்டும். அதற்குப் பிறகு அவர் முகத்தைப் பார்த்து டீ ஊற்றுங்கள், பார்ப்போம்.

சொலோங்கோ

*

செட்செர்லெக்,
2 மார்ச்

அன்புள்ள சொலோங்கோ,

சொன்னபடி செய்தாய். கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாய். பிறகு நடந்தது உனக்குத் தெரியாது.

அத்தனை உறவுக்காரர்கள் முன்னால் உன் அண்ணன் காலடியில் விழுந்தேன். "உங்ககிட்டயும் மறைச்சுட்டேங்க. நீங்க பயந்துருவீங்கன்னு..."

அவர் பூஸ் என்ற இறைச்சிக் கொழுக்கட்டையைக் கடித்துச் சாற்றை உறிஞ்சியபடியே சொன்னார்: "எதுக்கு அழுற? டாக்டர் எனக்கும்தான் சொன்னாரு. மூணு மாசத்துல கட்டி பெருசாயிட்டா யாரும் கத்தி வைக்க மாட்டாங்க. நீ அழுதா அவ கொடுத்துருவா. அதான் சும்மா இருந்தேன்."

"அவ ஈரல்தான் கெட்டதுன்னு நான் ஊரெல்லாம் சொன்னேனே, அப்பவாவது..."

"உன் வாய், நீ பேசுன. எனக்கென்ன?"

ஆமாம், அந்தப் பேச்சைக் கிளப்பியது நான்தான். அவசரப்படுத்தியது யார் என்று ஒருவரும் கேட்டுவிடக் கூடாது என்று கிளப்பினேன். மறுநாள் அதே வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போனேன். உன் ஈரல் சுத்தமானது என்றேன். அவர் சொன்னதை அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினேன். இப்போது அவரைப் பார்க்க ஒருவரும் வருவதில்லை.

வேளை தவறாமல் மாத்திரை கொடுக்கிறேன். சூப் கொடுக்கிறேன். அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்கிறேன். பேச்சு மட்டும் கொடுப்பதில்லை. "ஏதாவது பேசேன்டி" என்று கெஞ்சுகிறார். கேட்க நன்றாக இருக்கிறது.

உன்னை ஒரு தடவை பார்க்க வேண்டுமாம். எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.

வராதே.

காந்த்மா