இரண்டு நிமிடம் முந்திய கடிகாரம்

1997 அக்டோபர் 3, வெள்ளி

இன்று மன்றத்தின் வெள்ளிக்கிழமை மதிய விருந்தில் பால்கன் போரைப் பற்றிப் பேச்சு, வழக்கம்போல வானொலியிலும் நேரடியாக. பேசியவர் மூன்று வருடம் அங்கே இருந்துவிட்டு வந்தவர். கேட்டவர்களில் பாதிப் பேர் தட்டிலிருந்த கோழியைத் தொடவே இல்லை. பிறகு கேள்வி நேரம். வரிசையில் இரண்டாவதாக யார்? ஓரின் டெஷ்.

"என் பேர் ஓரின் டெஷ், மேப்பிள் தெரு. குண்டு விழுற ஊர்லகூட பஸ் ஓடுச்சுன்னு சொன்னீங்க சார். இங்க பதினாலாம் நம்பரை மட்டும் ஏன் நிறுத்தினாங்க?"

முந்நூறு பேரும் சிரித்தார்கள். போன வாரம் ஆப்பரா பாட வந்த பெண்மணியிடமும் இதே பஸ்தான். அதற்கு முந்தின வாரம் ஏரி மீன்களைப் பற்றிய பேச்சு. மீனிலிருந்து பஸ்ஸுக்கு அந்த மனிதர் எப்படி வந்து சேர்ந்தார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. எத்தனையாவது வாக்கியத்தில் பஸ் வரும் என்று எங்கள் மேசையில் பந்தயம் கட்டுவது வழக்கமாகிவிட்டது. இன்று இரண்டு என்றேன். ஹார்லனின் ஆப்பிள் பை எனக்கு வந்தது.

பதினோரு வருடமாகக் கேள்வி நேரத்தை நடத்துகிறேன். மன்றத்துக்கு வயது எண்பது. விதி அன்றைக்கு எழுதியதுதான். யார் வேண்டுமானாலும் வரிசையில் நிற்கலாம். பேரைச் சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும். மைக் கைக்கு வந்துவிட்ட ஆளை நிறுத்தக் கூடாது. இதைப் பித்தளையில் பொறித்து வாசலில் மாட்டியிருக்கிறார்கள். பொறித்தவர்கள் டெஷ்ஷைப் பார்த்ததில்லை.

அக்டோபர் 8, புதன்

மன்றத் தலைவர் ஹார்லன் கூப்பிட்டார். 17ஆம் தேதி பேச வருவது நகரப் போக்குவரத்துத் தலைவர் கிரெய்ட்டன். 20ஆம் தேதி அவர்கள் வாரியத்தில் ஓட்டெடுப்பு. பதினாலாம் நம்பரை மற்ற நாட்களில் வசந்தத்திலேயே நிறுத்தியாயிற்று. ஆற்றுக்கு அக்கரை போகிற ஞாயிற்றுக்கிழமை நடை ஒன்றுதான் மிச்சம். அதையும் நிறுத்தப் போகிறார்கள்.

"வெர்னா, அந்த ஆளோட கேள்விக்கு இந்த ஒரு வாரம் மட்டும் அர்த்தம் வந்துடும். கொஞ்சம் பார்த்துக்க."

ஜனவரியில் மன்றச் செயலாளர் பதவி காலியாகிறது. அதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

அக்டோபர் 10, வெள்ளி

டெஷ் வந்தார், பஸ்ஸைக் கேட்டார், சிரித்தார்கள். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். யாரும் சொல்லவில்லை, நானும்தான்.

அக்டோபர் 17, வெள்ளி

வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

எங்கள் கூடத்துச் சுவர்க் கடிகாரம் இரண்டு நிமிடம் முந்தி ஓடும். பேச வருகிறவர்கள் இழுத்துக்கொண்டே போகக் கூடாதென்று யாரோ எப்போதோ அப்படித் திருப்பி வைத்தது. அது ஒரு மணி இரண்டு நிமிடத்தைக் காட்டும்போதுதான் மணியடிப்பேன். வானொலி நிலையத்தில் சரியாக ஒன்று ஆகும், அவர்கள் ஒலிபரப்பை வெட்டுவார்கள். பதினோரு வருடத்தில் ஒருமுறைகூடப் பிசகியதில்லை.

இன்று டெஷ் நான்காவதாக நின்றார். முன்னால் நின்ற மூன்று பேரையும் வாய் வலிக்கும்வரை பேச விட்டேன். மூன்றாவது ஆள் தன் பாட்டனார் ஓட்டிய டிராம் வண்டியின் நிறம்வரை சொன்னார். அப்படியும் நேரம் மிஞ்சிவிட்டது. மைக் டெஷ் கைக்குப் போனபோது சுவரில் சரியாக ஒரு மணி.

"என் பேர்—"

மணியடித்துவிட்டேன்.

அவர் முகத்தைக் கடிகாரத்தின் பக்கம் திருப்பினார், பிறகு என் பக்கம் திருப்பினார். இந்தக் கூடத்தில் அத்தனை பேருக்கும் அந்தக் கடிகாரத்தைத் தெரியும். யாரும் வாயைத் திறக்கவில்லை. அவர் மைக்கை மெதுவாக அதன் கம்பியில் மாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

நான் கிரெய்ட்டன் பக்கம் குனிந்து, "பார்த்தீங்களா? பஸ்காரரை ஏறவே விட மாட்டேன்னு சொன்னேன்ல" என்றேன். "ஞாயித்துக்கிழமை அந்தக் கிழம் வீட்ல கிடக்க வேண்டியதுதானே, அப்படி எங்கதான் போவுதாம்" என்றார் அவர். "சவாரி போறதே ஒரு பொழப்பு போல" என்றேன் நான். ஹார்லன் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

எங்கள் முன்னால் இருந்த மைக் அணையவில்லை. நிலையத்தில் மணி பன்னிரண்டு ஐம்பத்தெட்டுதான். முழுசாக இரண்டு நிமிடம் நகரம் முழுக்கக் கேட்டிருக்கிறது.

என்ன செஞ்சு தொலைச்சேன் நான்.

அக்டோபர் 18, சனி

தொலைபேசி ஓயவில்லை. ஒன்பது பேர் திட்டினார்கள். நான்கு பேர் சிரித்துவிட்டு, மறுபடி ஒருமுறை சொல்லிக் காட்டச் சொன்னார்கள். நிலையத்தின் காலை நிகழ்ச்சியில் அந்த இரண்டு நிமிடத்தைத் திரும்பப் போட்டு, பின்னால் பஸ் ஹாரன் வேறு சேர்த்திருக்கிறார்கள்.

நான் வேலையை விடுகிறேன் என்றேன். "அட போ வெர்னா, நாலு நாள்ல மறந்துடுவாங்க" என்றார் ஹார்லன்.

அக்டோபர் 20, திங்கள்

வாரியத்தில் ஓட்டு ஏழுக்கு இரண்டு. நவம்பரிலிருந்து பதினாலாம் நம்பர் கிடையாது.

அக்டோபர் 31, வெள்ளி

இரண்டு வாரமாக டெஷ் வரவில்லை. இடமில்லாத அளவுக்குக் கூட்டம். எல்லாரும் என்னைப் பார்க்க வந்தவர்கள். சுவர்க் கடிகாரத்தை யாரோ சரியான நேரத்துக்குத் திருப்பிவிட்டார்கள்.

நவம்பர் 7, வெள்ளி

"அந்த ஆளைக் கூட்டிட்டு வா வெர்னா. ரேடியோ கேட்கிறவங்க எல்லாம் அவர் எங்கேன்னு எழுதறாங்க. அவர் இல்லாம சப்புன்னு இருக்கு" என்றார் ஹார்லன்.

மன்னிப்புக் கேட்டுவிட்டு வா என்று அவர் சொல்லவில்லை. எனக்கும் அது தோன்றவில்லை என்பதை இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 11, செவ்வாய்

மேப்பிள் தெருவுக்குப் போனேன். உள்ளே கூப்பிட்டார், காப்பி கொடுத்தார். கோப்பையின் விளிம்பைத் தடவிப் பார்த்துத்தான் ஊற்றுகிறார். கண் அந்த அளவுக்குப் போய்விட்டது. எல்லாரும் உங்களைத் தேடுகிறார்கள், மறுபடி வாருங்கள் என்றேன். அழைப்பிதழ் வாசிப்பது போலத்தான் சொன்னேன்.

"இனிமே எதுக்கு மேடம்" என்றார்.

அவர் மனைவி லெனோர் அக்கரையில் நோயாளிகள் இல்லத்தில் இருக்கிறார். பக்கவாதம் வந்து மூன்று வருடம்.

"பேச்சு போயிடுச்சு. போனைக் குடுத்தா என்னன்னு தெரியாம தூக்கிப் போட்டுடுவா. ரேடியோ மட்டும் கேட்பா. ஞாயித்துக்கிழமை பஸ்ல போய்ப் பார்ப்பேன். வெள்ளிக்கிழமை நர்ஸ் பொண்ணு உங்க நிகழ்ச்சியைப் போட்டு விடும். நான் பேரைச் சொன்னதும் கையைத் தூக்குவாளாம்."

அதற்காகவா ஒவ்வொரு வாரமும்— என்றேன்.

"ஏதாவது கேட்டாத்தானே பேசவே விடுவீங்க? எனக்கு வேற என்ன கேள்வி தெரியும்? முப்பது வருஷம் பஸ் ரிப்பேர் பார்த்தவன். மத்தவங்க சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்கன்னு இருந்தேன்."

கோப்பையைக் கீழே வைத்தேன்.

"அன்னைக்கு 'என் பேர்'னு சொன்னதுமே கையைத் தூக்கிட்டாளாம். அப்புறம் மணி. அப்புறம் நீங்க பேசுனது. ரொம்ப நேரம் தூக்குன கையை இறக்கலையாம், நர்ஸ்தான் பிடிச்சு இறக்கி வச்சிருக்கு. இப்போ ரேடியோவைப் போட்டாலே சுவத்துப் பக்கம் திரும்பிக்கிறா."

பதினோரு வருஷமா ஊரையே கேள்வி கேட்க வெச்சவ நான். எதுக்குய்யா வாராவாரம் வர்றேன்னு ஒரு நாள், ஒரே ஒரு நாள் கேட்டிருக்கலாமே? கேக்கலையே. ஆப்பிள் பை தின்னுக்கிட்டு உக்காந்திருந்தேனே.

கிளம்பும்போது, ஞாயிற்றுக்கிழமை நான் காரில் கூட்டிப் போகிறேன் என்றேன். சரி என்றார். அக்கரை போக அவருக்கு வேறு வழி இருந்திருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பார்.

நவம்பர் 16, ஞாயிறு

இருபத்தைந்து நிமிடம். அவர் பின் இருக்கையில் உட்கார்ந்தார்.

பார்வை மங்கிய மனிதரைத் தனியே அனுப்ப வேண்டாமென்று அறை வரைக்கும் போனேன். லெனோர் சின்ன உருவம். டெஷ் தொப்பியைக் கழற்றிக்கொண்டிருந்தார், இன்னும் பேசத் தொடங்கவில்லை. நான் வாசலில் நின்று, "மதிய வணக்கம், திருமதி டெஷ்" என்றேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வானொலியில் அப்படித்தான் தொடங்குவேன். நாக்குக்குப் பழகிப்போன சொல்.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் தன் பேரைச் சொன்னார், மறுபடி மறுபடி சொன்னார். அவள் திரும்பவே இல்லை.

காரில் ஏறியதும், "அடுத்த வாரம் நீங்க வண்டியிலேயே இருங்க மேடம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

நவம்பர் 21, வெள்ளி

செயலாளர் பதவி எனக்குத்தானாம். கைதட்டினார்கள்.

நவம்பர் 23, ஞாயிறு

வண்டியிலேயே இருந்தேன், இரண்டு மணி நேரம். ஏரிக் காற்று கதவு இடுக்கு வழியாக உள்ளே வந்தது. ரேடியோ போடவில்லை. மூன்றாவது ஜன்னல் அவர்களுடையது. அவர் முதுகு மட்டும் தெரிந்தது.

திரும்பும் வழியில், லெனோர் கையைத் தூக்கினாரா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.