மலைவேம்புச் சாறு

சென்னை
12-8-1972

அன்புள்ள உங்களுக்கு,

வலி இன்று குறைவு. ஆஸ்பத்திரியில் என் பக்கத்துக் கட்டிலில் பழவேற்காட்டுக் குப்பாயி இருக்கிறாள். மாதாமாதம் அந்த மூன்று நாளும் விடியற்காலையில் நீங்களே மலைவேம்பு இலையை அரைத்துச் சாறு பிழிந்து தருவதை அவளிடம் பெருமையாகச் சொன்னேன்.

"அது புள்ள உண்டாவறதுக்குக் குடிக்கிறதாச்சே டீச்சரம்மா. வலிக்குன்னு யாரு சொன்னது?"

"எங்க வீட்டுக்காரர்."

"கெட்டிக்காரருதான் உன் ஊட்டுக்காரரு. இன்னா, உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும். முதல் வருஷமே புதுவாயல் நாட்டுமருந்துக் கடையில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வலிக்கு என்று நீங்கள் சொன்னீர்கள். வலிக்கு என்றே நானும் குடித்தேன். பதினாறு வருஷம். வாய்விட்டுச் சொன்னால் நான் தாங்கமாட்டேன் என்று நினைத்தீர்கள். உண்மையில் எனக்கு இதமாக இருந்தது, ஆமணக்கிலையை வாட்டி நீங்கள் கொடுத்த ஒற்றடம்தான்.

கருப்பையின் உள்சவ்வு வெளியேயும் வளர்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறதாம். எந்தச் சாறும் அதைக் கரைக்காது என்கிறார் டாக்டரம்மா. கருப்பையை எடுத்துவிடச் சொல்கிறார். எனக்கும் நாற்பத்திரண்டு ஆகிறது. சரி என்று சொல்லிவிட்டேன். கணவர் கையெழுத்தும் வேண்டுமாம்.

வியாழக்கிழமை கும்மிடிப்பூண்டியிலிருந்து காலை வண்டியில் வாருங்கள். கையெழுத்துப் போட மனம் வராவிட்டாலும் வாருங்கள். பிள்ளைக்கு ஏங்கியதை இந்த ஒரு முறையாவது என்னிடம் சொல்லி அழுங்கள். நானும் உங்களோடு சேர்ந்து அழ வேண்டும்.

உங்களவள்