றீற்றா வரைந்த என் முகம்

என் அன்புக்குரிய றீற்றாவுக்கு,

வருகிற கிழமையோடு நீர் போய் ஒரு வருடம். உம்முடைய தம்பி அன்ரன் கனடாவிலிருந்து தொலைபேசி எடுத்தான். பத்திரிகையில் உம்முடைய படத்தோடு நினைவஞ்சலி போட வேண்டுமாம், கவிதை எழுதித் தருகிற ஒருவர் இருக்கிறாராம். கவிதை வேண்டாம், நானே ஏதாவது எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எழுதக் குந்தினால் ஊருக்குச் சொல்ல ஒன்றும் வரவில்லை. உமக்குச் சொல்லத்தான் நிறைய இருக்கிறது. ஊரும் கேட்டுவிட்டுப் போகட்டும். எங்களைப் பற்றி அவர்கள் பேசாததா?

உமக்குத் தெரியாத இடத்திலிருந்து தொடங்குகிறேன். உம்முடைய கடைசி நிகழ்ச்சி ஒளிபரப்பானது.

தையல் மெசினுக்குப் பக்கத்தில் இருந்து, எங்கள் மகள் டிலானியின் பள்ளிக்கூட வர்ணப்பெட்டியால் கீறித் தள்ளுவீரே, அந்தப் படங்களை அவள் உமக்குச் சொல்லாமல் போட்டிக்கு அனுப்பியது தெரியவந்தபோது நாங்கள் மூன்று பேரும் அதை ஒரு விளையாட்டாகத்தான் நினைத்தோம். ஓவியம் படிக்காத சாதாரண ஆட்களுக்கான தொலைக்காட்சிப் போட்டி. மண்டைதீவிலிருந்து ஒரு தையற்காரியை யார் கூப்பிடப் போகிறார்கள் என்றீர். கூப்பிட்டார்கள். ஒவ்வொரு பதிவுக்கும் பஸ் ஏறிக் கொழும்புக்குப் போய் வந்தீர். முதல் இரண்டு படங்களும் ஒளிபரப்பானபோது நீர் இருந்தீர். நான் பிடித்துவருகிற நண்டை நிறுக்கிற இடத்தில் என்னை “ரிவி அக்கான்ர மனுசன்” என்று கூப்பிடத் தொடங்கியதைச் சொல்ல, கண்ணில் தண்ணீர் வரும்வரைக்கும் சிரித்தீர்.

மூன்றாவது பதிவுக்குக் கொடுத்த தலைப்பு, ‘ஒரு முகம்’. திரும்பி வந்து பையை இறக்கி வைக்க முதலே சொன்னீர். “இந்த முறையோட நான் வெளியில. ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதாம். ஆனா உங்கட முகத்தைத்தான் கீறினனான். ரிவியில வரேக்க பாருங்கோ.” எப்படிக் கீறினீர் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டு குசினிக்குள் அடுப்பு மூட்டப் போய்விட்டீர்.

பிறகு மழை வந்தது. மழையோடு உமக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்று வைத்தியர்கள் சொன்னபோது, டெங்கு வந்து எத்தனை பேர் எழும்பி நடக்கிறார்கள் என்று டிலானிக்கு நானேதான் தைரியம் சொன்னேன். அதற்கு மேல் அந்த நாட்களைப் பற்றி எழுத என்னால் ஏலாது. உம்மைப் பெட்டியில்தான் கொண்டுவந்தேன். கொழும்பிலிருக்கிற தொலைக்காட்சிக்காரருக்கு அறிவிக்க வேண்டும் என்பது அப்போது யாருடைய மூளைக்கும் எட்டவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சியைப் போட வேண்டாம் என்றுதான் இருந்தேன். டிலானி “அம்மா வருவா” என்று சொல்லி அதைப் போட்டாள். நீர் வந்தீர். நீலச் சேலை கட்டி, அவசரமாகத் தைத்த அந்தச் சட்டையோடு நடந்து வந்தீர். எங்கள் வீட்டுச் சுவரில் உம்முடைய படத்துக்கு மாலை போட்டிருக்கிறது. அதற்குக் கீழே தொலைக்காட்சிக்குள் நீர் மூக்கின் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிற்கிறீர். டிலானி என் கையைப் பிடித்திருந்தாள்.

பிறகு நீர் வரைந்த முகத்தைக் காட்டினார்கள். என் முகம்தான், சந்தேகமில்லை. புருவம் இரண்டும் முடிச்சுப் போட்டதுபோல் நெருங்கி, கண் சுருங்கி, பல்லைக் கடித்திருக்கிற முகம். கீழே குறுக்காக ஒரு சிவப்புப் பட்டையில் உம்முடைய பெயரும், பிடித்த ஓவியருக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிற இலக்கமும் ஓடிக்கொண்டிருந்தன. நடுவர் கிட்ட வந்து பார்த்து, “இந்த முகத்தில் ஒரு வலி இருக்கிறது” என்றார். நீர் “ஓம் சேர், இருக்கு” என்றீர். மேலே ஏதோ சொல்ல வாய் எடுத்தீர். அதற்குள் விளம்பரம் வந்துவிட்டது. விளம்பரம் முடிய, நீர் வெளியேறுவதாக அறிவித்தார்கள்.

பார்த்தவர்கள் கருத்து எழுதுகிற பக்கத்தை டிலானி அடுத்தநாள் திறந்து காட்டினாள். முதலில் எல்லாம் நல்லதுதான். இந்த அக்காவை ஏன் வெளியேற்றினீர்கள், இவதான் வெல்ல வேண்டியவ என்று எழுதியிருந்தார்கள். பிறகு யாரோ ஒருவர், அந்தக் கண்களைப் பார்த்தால் தெரியவில்லையா இந்தப் பெண் வீட்டில் படுகிற பாடு என்று எழுதினார். அதோடு பேச்சு முழுவதும் அந்தப் பக்கம் திரும்பியது. குடிகாரனுடைய முகம் என்றார்கள். அடிக்கிறவனுடைய முகம் என்றார்கள். வாயால் சொல்ல முடியாததைத் தூரிகையால் சொன்னதற்காகத்தான் வெளியேற்றினார்கள் என்று ஒருவர் கண்டுபிடித்தார். ‘அக்கா, பயப்படாமல் அந்த வீட்டை விட்டு வெளியே வாங்கோ, நாங்கள் இருக்கிறோம்’ என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தது. வெளியே வரச் சொன்ன பிள்ளைக்கு நீர் எங்கே இருக்கிறீர் என்று தெரியாது.

அவர்களுக்கிடையில் வவுனியாவிலிருந்து ஒரு பெண். தன் கணவர் வீட்டுக்குள் வரும்போது இதே முகத்தோடுதான் வருவார் என்றும், உம்மைப் பார்த்ததில் தனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கிறது என்றும் எழுதியிருந்தாள். மற்றவர்கள் மேல் கோபம் வந்தது. அவள் மேல் வரவில்லை. அவளுக்கு என்ன பதில் எழுதுவது றீற்றா? அது நான் இல்லை, என்னை விட்டுவிடும் என்றா?

ஒன்று சொன்னால் நம்புவீரோ தெரியாது. அந்தப் பக்கத்தை நான் தேடித் தேடி வாசித்தேன். என்னைத் தின்றாலும், அவர்கள் எல்லோரும் உம்மை உயிரோடு இருக்கிற ஆளாக வைத்துத்தான் பேசினார்கள். இந்த அக்கா பாவம், இந்த அக்கா அடுத்த முறையும் வர வேண்டும் என்று. அந்தச் சொற்களுக்காகத்தான் மற்றதையும் வாசித்தேன்.

நண்டு நிறுக்கிற இடத்தில் பகிடி நின்றுபோனது. நான் போனால் கதை நிற்கும், திரும்பி வந்தால் தொடரும். அதையும் பொறுத்தேன். ஒருநாள் காலையில் அன்ரன் எடுத்தான். சுற்றி வளைத்து ஏதேதோ கேட்டுவிட்டு, கடைசியில், “அத்தான், அக்கா காய்ச்சலிலதானே செத்தவ?” என்றான்.

பக்கத்தில் நின்ற டிலானிக்கும் அது கேட்டது. டிலானி என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கி, “மாமா, நானும் ஆஸ்பத்திரியிலதான் நிண்டனான்” என்று சொல்லி வைத்துவிட்டாள். எனக்காகப் பேச என் பிள்ளை இருக்கிறாள் என்று அன்றைக்கு நினைத்தேன். அந்த நினைப்பு அந்தக் கிழமையோடு போய்விட்டது.

நான் முற்றத்தில் வலையில் சிக்கிய பாசியைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். டிலானி வந்து எதிரில் நின்றாள்.

“அப்பா, நீங்கள் அம்மாவுக்கு அடிச்சிருக்கிறீங்களா?”

“இல்லைப் பிள்ளை.”

“நான் சின்னனா இருக்கேக்க? எனக்கு ஞாபகமில்லாத காலத்தில?”

“ஒருநாளும் இல்லை.”

“எனக்குத் தெரியும். ஆனா கேக்காமல் இருக்க ஏலாமல் போட்டுது.”

அவள் உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். குடித்தேன். றீற்றா, நான் பிடித்துவைத்திருந்த கடைசிக் கயிறும் அன்றைக்குக் கையை விட்டுப் போனது. பிள்ளை என்னை நம்பவில்லை என்பதல்ல. நம்புவதற்கு அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டியிருந்தது. நான் சொன்னது உண்மை என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் நீர். நீர் இல்லை.

கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று என் முகத்தைப் பார்த்தேன். கடல் வெயிலில் சுருங்கிச் சுருங்கி நெற்றி அப்படியே நின்றுவிட்டது. எனக்கே என் மேல் ஐமிச்சம் வந்தது. நீர் இந்த முகத்துக்கா இவ்வளவு காலமும் சோறு போட்டீர்? பயந்தீரா? பயந்து எனக்குத் தெரியாமல் மறைத்தீரா?

அந்தப் படத்தை நேரில் பார்க்காமல் இனி இருக்க ஏலாது என்று தோன்றியது. வடபகுதிப் போட்டியாளர்களின் படங்கள் தொலைக்காட்சியின் யாழ்ப்பாணத்து அலுவலகத்தில் இருப்பதாக டிலானி விசாரித்துச் சொன்னாள். பஸ் ஏறிப் போனேன். மேசைக்குப் பின்னால் வேலைக்கு இருந்த பெண்பிள்ளை மரியாதையாகத்தான் பேசியது. படத்தை வரைந்தவர் வந்தால்தான் தரலாம் என்றது.

“அவ வரமாட்டா, தங்கச்சி. அவ காய்ச்சலில மோசம் போயிட்டா.”

அந்தப் பிள்ளை எழும்பி நின்றுவிட்டது. அவவுக்கு ஒவ்வொரு நாளும் எத்தனையோ பேர் செய்தி அனுப்புகிறார்கள், நாங்கள் அவவைத்தான் தேடிக்கொண்டிருந்தோம் என்று சொல்லி அழுதது. பிறகு உள்ளே போய்த் துணி சுற்றிய படத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்துப் பிரித்தது.

தொலைக்காட்சியில் அந்தச் சிவப்புப் பட்டை ஓடிய இடத்தில் என் இரண்டு கைகள் இருந்தன. ஒரு கையில் ஒரு குழந்தையின் குதிக்கால். மற்றக் கையில் ஒரு ஊசி.

அதுவரைக்கும் மறந்தே போயிருந்தேன் றீற்றா. மண்கும்பான் கடற்கரைக்கு நாங்கள் போன அன்றைக்கு டிலானியின் காலில் முள் ஏறியதும், அவள் கத்திக் குழறியதும், நீர் பின்னாலிருந்து அவளைக் கட்டிப் பிடித்திருந்ததும். அவளுக்கு நோகுமே என்ற பயத்தில் எனக்குத்தான் கை நடுங்கியது. ஊசி பிசகக்கூடாது என்று பல்லைக் கடித்தபடி குனிந்திருந்தேன். பிள்ளையின் தலைக்கு மேலால் நீர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறீர். அந்த முகத்தை அத்தனை வருடமும் வைத்திருந்திருக்கிறீர். வலி இருக்கிறது என்று நடுவர் சொன்னது சரிதான்.

படத்தைக் கொண்டுவந்து சுவரோடு சாத்தி வைத்தேன். டிலானி நிலத்தில் இருந்து நெடுநேரம் பார்த்தாள். “இது என்ர கால்” என்று மட்டும் சொன்னாள். பிறகு படம்பிடித்து, இதுதான் முழுப் படம், அம்மா இப்போது இல்லை என்று எழுதி அந்தப் பக்கத்தில் போட்டாள்.

எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். கனபேர் மன்னிப்புக் கேட்டார்கள். கைகூப்புகிற படமும் மெழுகுதிரிப் படமும் போட்டார்கள். சிலரோ, காலையும் கையையும் யாரோ பிறகு சேர்த்துக் கீறியிருக்கிறார்கள், நிறம் வேறாக இருக்கிறது பாருங்கள் என்றார்கள். செத்தவளை வைத்துக் குறுஞ்செய்தி சேர்க்கிறார்கள் என்றும் ஒருவர் எழுதினார். அடுத்த ஞாயிறு நிகழ்ச்சியின் தொடக்கத்தில் உம்முடைய படத்தைக் கொஞ்ச நேரம் காட்டினார்கள். அன்றைக்கே மலையகத்துப் பெடியன் ஒருவன் மழையில் நிற்கிற ஒரு நாயை வரைந்தான். அருமையான படம். எல்லோரும் அதைப் பற்றிப் பேசப் போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு உம்மைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. ஒவ்வொரு நாளும் பார்த்தேன். என்னைத் திட்டியாவது உம்மைப் பற்றி ஒரு வார்த்தை எழுத மாட்டார்களா என்று பார்த்தேன். நீர் செத்தது எனக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது.

வவுனியாப் பெண் மட்டும் டிலானிக்குத் தனியாக எழுதியிருந்தாள். முழுப் படத்தையும் பார்த்தாளாம், என்னிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னாளாம். ஆனால் தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்கு வந்துவிட்டாளாம், இனித் திரும்பிப் போகப் போவதில்லையாம். உம்முடைய படத்தைப் பிழையாக விளங்கி ஒருத்தி தப்பியிருக்கிறாள். இதைக் கேட்டால் நீர் என்ன சொல்லியிருப்பீர்? அன்ரன் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. கவிதை போடுவோமா என்று கேட்டதையே நான் அப்படி எடுத்துக்கொண்டேன்.

ஆனால் இவ்வளவும் எழுதியது இதற்காக இல்லை. போன கிழமை, உம்முடைய ஆண்டுப் பூசைக்காக வீட்டைக் கழுவும்போது டிலானி கேட்டாள். “அப்பா, அம்மா சந்தோசமா இருந்தவவோ?”

அடித்தீர்களா என்று கேட்டபோது பதில் இருந்தது. இதற்கு இல்லை. வாளியை அப்படியே வைத்துவிட்டுக் கடற்கரைக்குப் போய்விட்டேன்.

அந்த நிகழ்ச்சியை எத்தனை தரம் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் உம்முடைய முகத்தைப் பார்த்தேன். பக்கத்தில் நின்று வரைந்த பெண் ஏதோ சொல்ல, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறீர். பிறகு குனிந்து வரைகிறீர். உம்மைச் சுற்றி உலகமே இல்லாததுபோல் இருக்கிறது. அந்த முகத்தை எங்கள் வீட்டில் நான் கண்டதில்லை. நீர் எனக்குக் காட்டவில்லையா? இருந்தும் எனக்குத் தெரியவில்லையா? கொழும்பு பஸ் ஏறிய பிறகுதான் வந்ததா? என்னைக் குனிந்து முள் எடுக்கிறவனாக மனத்தில் வைத்திருந்தீர், அது எனக்குக் கிடைத்த பெரிய கொடை. ஆனால் நீர் சந்தோசமாக இருந்தீரா? ஒரு சொல், ஓம் என்றோ இல்லை என்றோ, எங்கிருந்தாவது வராதா?

ஓம், சந்தோசமாகத்தான் இருந்தவ என்று டிலானிக்குச் சொல்லிவிடலாம். இப்போது அவள் என்னை நம்புவாள். அதனால்தான் சொல்லப் பயமாக இருக்கிறது.

உமக்கு ஒரு வாக்குத் தருகிறேன், றீற்றா. எனக்குத் தெரியாது பிள்ளை என்றே அவளுக்குச் சொல்வேன். சொல்லிவிட்டு எழும்பிக் கடற்கரைக்குப் போகமாட்டேன். அவளுக்கு உம்மைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை பக்கத்தில் இருப்பேன்.

இப்படிக்கு,
டிலானியின் அப்பா